அந்த அரை வரி

வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எனக்கு 41 வயது. பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 16 வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கணவர் மத்திய அரசு ஊழியர். மார்ச் மாதம் அவருக்கு டெல்லிக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. குறைந்தது மூன்று வருடம். ஏப்ரல் கடைசியில் போய்ச் சேர வேண்டும். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அப்பாவிடம் பேசுவதில்லை. 'என்னை ஹாஸ்டல்ல விட்டுட்டு நீங்க போங்க' என்கிறாள். எங்களோடு இருக்கும் அத்தைக்கு 72 வயது. முழங்கால் வலி, பிரஷர் மாத்திரை. 'நீங்க போங்க, நான் இருந்துக்கிடுதேன்' என்கிறார். கொழுந்தனார் தென்காசியில் இருக்கிறார். அத்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் ஊர் என்ன பேசும் என்று பயமாக இருக்கிறது. அவர் மட்டும் முதலில் போகட்டும், ஒரு வருடம் பார்த்துவிட்டு நாங்கள் போகலாமா? பள்ளி, வீடு, சாமான் ஏற்றுவது எல்லாவற்றையும் நினைத்தால் தலை சுற்றுகிறது. நான் வேலையை விட்டுவிடுவேன், அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸில் வரும்போது வருகிறது. நான் இப்படி அழுவது தவறா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கணவரின் மாற்றல், மகளின் கோபம், அத்தையின் முழங்கால், ஊர்ப்பேச்சு, சாமான் என்று ஒவ்வொன்றுக்கும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி எழுதியது அரை வரிதான். "நான் வேலையை விட்டுவிடுவேன், அது ஒன்றும் பெரிதில்லை." அதற்கு அடுத்த வரியிலேயே "காரணமே இல்லாமல் அழுகை வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தடுத்து எழுதிய அந்த இரண்டு வரிகளுக்கும் தொடர்பு இருப்பது உங்கள் கண்ணில் படவில்லை. அழுகைக்குக் காரணம் இருக்கிறது, சகோதரி. 16 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர் அதை விட்டுப் போவது பெரிய விஷயம்தான்.

சம்பளத்தை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. தெற்கு பஜாரில் காய் வாங்கும்போது யாராவது "டீச்சர், சும்மா இருக்கீங்களா?" என்று கேட்டிருப்பார்கள். பஸ்ஸில் பழைய மாணவன் எழுந்து இடம் கொடுத்திருப்பான். அந்த ஊரில் நீங்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் மருமகள் என்பதோடு உங்கள் பெயரிலேயே ஒருவராக இருக்கிறீர்கள். டெல்லியில் முதல் நாள் பால் வாங்கப் போகும்போது நீங்கள் "ஆன்ட்டி"யாகவோ, அண்ணி என்று பொருள்படும் "பாபிஜி"யாகவோ ஆகிவிடுவீர்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தெருவில் இறங்கினால் இரண்டு வாக்கியம் கூடச் சொல்ல முடியாதவராகப் போகிறார். உங்கள் மனம் இதை உங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டது. அதனால்தான் இப்போதே அழுகிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் என்ற பழைய குடியிருப்பை 1950-களின் கடைசியில் இடித்தார்கள். அங்கிருந்து வேறு இடங்களுக்குப் போனவர்களைச் சந்தித்துப் பேசிய உளவியலாளர் மார்க் ஃப்ரீட், 1963-ல் தான் கண்டதை எழுதினார். நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களிடம் காணும் அதே துக்கத்தை அவர் அவர்களிடம் பார்த்தார். சுவரும் கூரையும் போனதற்காக மட்டும் அவர்கள் அழவில்லை. நடந்த தெரு, நின்று பேசிய கடை, தங்களைத் தெரிந்த முகங்கள் என எல்லாமே அதில் சேர்த்தி. ஆலோசனை அறையில் நானும் இதையே பார்க்கிறேன். ஊரை விட்டுப் போவதும் ஒரு துக்கம். ஆனால் அதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. "டெல்லியா, குடுத்து வச்சவ" என்றுதான் சொல்வார்கள். அதனால் அழுகிறவர் தன்மேலேயே சந்தேகப்படுகிறார். நீங்கள் அழுவதில் தவறு எதுவுமில்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஒளிந்து அழாமல், ஒரு நாள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுங்கள். "வேலையை விடுறது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தை அவர் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். "பெரிதில்லை" என்று நீங்கள் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, ஒரு வருடம் கழித்துப் போகலாமா என்ற கேள்வி. மற்ற விஷயங்களில் நான் யோசனைதான் சொல்ல முடியும். இதில் மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வருடம் வேண்டாம். டெல்லியில் பெரும்பாலான பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை. அதில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். ஒன்பதை இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் முடித்துவிட்டு நேராகப் பத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிதில்லை. பெற்றோருக்கு மாற்றல் என்றால் விலக்குக் கேட்கலாம், ஆனால் அதற்கு அனுமதி வாங்க அலைய வேண்டும். பாடத்திட்டம், மொழி, ஊர், பொதுத்தேர்வு என்று எல்லாம் ஒரே வருடத்தில் பிள்ளையின் தலையில் விழும். போவதென்றால் இந்த வருடமே போங்கள். இல்லையென்றால், மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அவர் தனியாக இருப்பார் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். அப்படி வாழும் குடும்பங்கள் நிறைய உண்டு, அது தோல்வியில்லை. ஆனால் "பார்த்துக்கலாம்" என்று ஒரு வருடத்தைத் தள்ளிப்போடுவதுதான் மூன்று வழிகளில் மோசமான வழி.

அதற்காக எல்லோரும் ஏப்ரலிலேயே மூட்டை கட்ட வேண்டியதில்லை. மத்திய அரசு ஊழியரின் குடும்பம், மாற்றல் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பின்னால் வந்து சேர்ந்தாலும் மாற்றல் பயணப்படி கிடைக்கும். கணவர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இதை உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். டெல்லிப் பள்ளிகளில் புது வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது, மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கோடை விடுமுறை. அதனால் அவர் முதலில் போய் வீடு பார்க்கட்டும், பள்ளியில் இடம் உறுதி செய்யட்டும். நீங்களும் மகளும் ஜூன் மூன்றாவது வாரம் போய்ச் சேர்ந்தால், ஜூலையில் பள்ளி திறக்கும்போது அவள் எல்லோரோடும் சேர்ந்து உள்ளே நுழைவாள். ஏப்ரல் பாடங்களைப் பிடித்துவிடலாம். கணக்கு டீச்சர் வீட்டிலேயே இருக்கிறார். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, வேறு மாநிலத்தில் சேர்க்கக் கல்வி அலுவலரின் மேலொப்பம் தேவையா என்று இங்கேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். அந்த ஒரு கையெழுத்துக்காக 2,800 கிலோமீட்டர் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பள்ளியைப் பற்றி இன்னொன்று. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் அங்கே ஏழு பள்ளிகளை நடத்துகிறது. லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ஜனக்புரி, மோதிபாக், ராமகிருஷ்ணபுரம் போன்ற இடங்களில் அவை இருக்கின்றன. எல்லாம் சி.பி.எஸ்.இ. பள்ளிகள், தமிழும் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் மகளை அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயாவையும் சேர்த்து, கணவரின் அலுவலகத்துக்கு எது பக்கம், எதில் இடம் கிடைக்கிறது என்று பாருங்கள். கிடைத்தவற்றில் இரண்டைத் தேர்ந்து, எது வேண்டும் என்ற கடைசி முடிவை அவளிடம் விடுங்கள்.

அவள் கோபத்துக்கும் இதுதான் மருந்து. 13 வயதுப் பிள்ளையிடம் "புது ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். "உன் பழைய ஃபிரெண்ட்ஸ் அவ்வளவு முக்கியமில்லை" என்றுதான் அது அவள் காதில் விழும். எல்.கே.ஜி.யிலிருந்து கூடப் படித்தவர்களை விட்டு வருகிறாள். பெரியவர்கள் எடுத்த முடிவுக்கு அவள் விலை கொடுக்கிறாள், அது அநியாயம் என்று அவளுக்குத் தோன்றுவதும் சரிதான். அவள் அப்பா அதை ஒத்துக்கொள்ள வேண்டும். விளக்கமோ, சம்பள உயர்வுக் கணக்கோ வேண்டாம். "உனக்கு இது கஷ்டம்னு எனக்குத் தெரியும்மா, நான் கேட்காமலே உன்னை இழுத்துட்டுப் போறேன்" என்று ஒரு முறை சொல்லட்டும், பதிலை எதிர்பார்க்காமல் எழுந்து போகட்டும். அவள் உடனே பேசமாட்டாள். பரவாயில்லை.

முடிவெடுக்க அவளுக்குச் சில விஷயங்களைக் கொடுங்கள். எந்தப் பள்ளி, எந்த அறை, எந்தப் புத்தகங்கள் வர வேண்டும் என்பதோடு, ஊருக்குத் திரும்பி வரும் முதல் தேதியையும் அவளே முடிவு செய்யட்டும். இந்தத் தேதி முக்கியம். தசரா விடுமுறைக்கு ஊருக்கு வருவதென்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்து காலண்டரில் குறித்துவிடுங்கள். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. திறக்கும் நாளையும் சேர்த்துக் குறியுங்கள், டிக்கெட்டை அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள். வாரம் இரண்டு முறை ஓடும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து உங்கள் திருநெல்வேலி வழியாகத்தான் நிஜாமுதீனுக்குப் போகிறது. திரும்பி வரும் வழி கண்ணுக்குத் தெரிந்தால்தான் பிள்ளை கிளம்பச் சம்மதிக்கும்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். "நான் இருந்துக்கிடுதேன்" என்று அவர் சொன்னதை நீங்கள் எல்லோரும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறீர்கள். ஒன்று, அவர் மனதாரச் சொல்கிறார். இரண்டு, தியாகம் செய்கிறார். அவரிடம் யாரும் இன்னும் சரியாகக் கேட்கவேயில்லை என்பது என் ஊகம். கணவரும் கொழுந்தனாரும் கூடியிருக்கும்போது கேட்காதீர்கள், அங்கே அவர் மகன்களுக்கு எது வசதியோ அதைத்தான் சொல்வார். நீங்கள் தனியாக, மத்தியானம் அவர் காய் அரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, உங்களுக்கு எப்படி இருந்தா நல்லாருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நிறைய நேரம் எடுப்பார்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். எழுபது தாண்டியவர்களை மொழி தெரியாத ஊரில், மூன்றாவது மாடி வீட்டில் கொண்டுபோய் வைப்பதைக் கடமை என்று நினைக்கிறோம். பகலில் எல்லோரும் வெளியே போன பிறகு பேச ஆளில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். சாப்பாடு, மருந்து எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஆள் வாடிப்போயிருப்பார். பாளையங்கோட்டையில் அவருக்குக் கோயில் இருக்கிறது, பக்கத்து வீட்டு ஆச்சி இருக்கிறார், தெருவில் நாலு பேர் குரல் கொடுப்பார்கள். அது சின்ன விஷயமில்லை. டெல்லியின் தட்பவெப்பமும் ஒரு காரணம். மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும் வெயில், டிசம்பர் கடைசியில் நான்கைந்து டிகிரிக்கு இறங்கும் குளிர், தீபாவளியை ஒட்டித் தொடங்கித் தை மாதம் வரை இருக்கும் புகைமூட்டம். முழங்கால் வலிக்காரருக்குப் பிப்ரவரியும் மார்ச்சும்தான் அங்கே சுகமான மாதங்கள். அந்த இரண்டு மாதம் வந்து உங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் யோசனை. அவர் "நானும் வாரேன்" என்று சொன்னால் கூட்டிப்போங்கள், தரைத்தள வீடாகப் பாருங்கள்.

அவர் இங்கேயே இருப்பதானால், "கொழுந்தனார் பார்த்துக்குவார்" என்ற ஒரு வரியை நம்பிக் கிளம்பாதீர்கள். எந்தக் கிழமை தென்காசியிலிருந்து வருவார், இரவில் துணைக்கு யார் படுப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் முதல் போன் யாருக்கு, சாவி யாரிடம், எந்த ஆஸ்பத்திரி என்பதையெல்லாம் பேசி எழுதிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். ஈரத்தில் வழுக்காத மிதியடி வாங்கிப் போடுங்கள். இந்த வயதில் விழாமல் இருப்பதே பாதி ஆரோக்கியம். செலவில் உங்கள் பங்கு எவ்வளவு, கொழுந்தனார் பங்கு எவ்வளவு என்பதையும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளிப்படையாகப் பேசிவிடட்டும்.

ஊர்ப்பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். ஊர் பேசும். "மாமியாளைத் தனியா விட்டுட்டுப் போயிட்டா" என்றுதான் பேசும். மாற்றல் வந்தது மகனுக்கு, போகிறவரும் மகன்தான், ஆனால் பழி மட்டும் மருமகளுக்கு. எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. நீங்கள் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அதை அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சாமான் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அத்தை இங்கே இருந்தால் வீடு இங்கேயே இருக்கும், அதனால் பாதி வீட்டைக் கொண்டுபோனால் போதும். டெல்லி வீடுகள் சின்னவை, பீரோவும் கட்டிலும் அங்கே இடத்தை அடைக்கும். கிரைண்டரை எடுத்துப் போங்கள். குளிருக்கான ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை, ஸ்வெட்டர் எல்லாம் அங்கே போய் வாங்குவதுதான் சரி. தேங்காய், கறிவேப்பிலை, முருங்கைக்காய், நம் ஊர்க் காய்கள் எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். லாரி பேசும்போது மூன்று கம்பெனிகளிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். சாமான் பட்டியலைப் போட்டோவோடு வைத்திருங்கள், வழிச் சேதத்துக்குக் காப்பீடு எடுங்கள், முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். சர்டிபிகேட், நகை, அத்தையின் மருத்துவச் சீட்டுகளின் நகல் உங்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைக் கடைசியில் கூட வைக்கமாட்டீர்கள் என்று தெரிகிறது. வேலையை விடுவதற்கு முன் அனுபவச் சான்றிதழை வாங்குங்கள். எந்த வகுப்புகளுக்கு, எத்தனை வருடம், எந்தப் பாடம் என்று விவரமாக இருக்கட்டும். பணிக்கொடையைக் கேளுங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தாலே அது உங்கள் உரிமை. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதி செய்துவிட்டது. கடைசியாக வாங்கும் மாதச் சம்பளத்தை, அதாவது அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். சம்பளம் 18,000 ரூபாய் என்றால் 16 வருடத்துக்குச் சுமார் 1,66,000 ரூபாய் வரும். வேலையை விட்டு 30 நாளுக்குள் பள்ளி அதைத் தர வேண்டும். தயங்காமல் எழுதிக் கொடுங்கள், கூச்சப்படும் விஷயமில்லை இது. பி.எஃப். பிடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் உங்கள் பெயரில் மாதாமாதம் பணம் வரும்.

பி.எட். இருந்தால் சி.பி.எஸ்.இ. நடத்தும் சிடெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்குங்கள். அந்தச் சான்று இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும். டெல்லியில் அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, கணக்கு டீச்சரின் தேவை தீர்ந்த ஊரில்லை அது. முதல் ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை என்றால் குடியிருப்பில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுங்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு கதவாவது உங்களை "டீச்சர்" என்று தட்ட வேண்டும். கணக்குக்கு ஹிந்தி அதிகம் வேண்டாம். கடைக்கும் ஆட்டோவுக்கும் வேண்டிய ஹிந்தியை மகளும் நீங்களும் சேர்ந்து இந்தக் கோடையில் கற்கத் தொடங்குங்கள். தப்பும் தவறுமாகப் பேசுங்கள். போன பிறகு கடையில் கணவரை முன்னால் நிறுத்தி அவர் பின்னால் நிற்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். முதல் மாதம் அப்படி நின்றவர்கள் மூன்றாவது வருடமும் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை எதிர்பார்த்திருங்கள். முதல் இரண்டு மாதம் வீடு அடுக்குவது, பள்ளி, புது ஊர் என்று ஓடிவிடும், நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். வேலைகளெல்லாம் தீர்ந்து, பகல் நேரம் வெறுமையாகக் கிடக்கும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில்தான் மனதில் பாரம் ஏறும். சண்டிகருக்குப் போன ஒரு பெண் ஐந்தாவது மாதம் என்னிடம் போனில் பேசும்போது, தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனதற்காக ஒரு நாள் முழுக்க அழுததாகச் சொன்னார். அப்போது "நாம் தப்பு முடிவெடுத்துவிட்டோம்" என்று முடிவுகட்டாதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். மகளுக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும்.

இந்த வாரம் இரண்டே வேலை செய்யுங்கள். ஒன்று, அத்தையிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இரண்டு, பள்ளி அலுவலகத்தில் அனுபவச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள். லாரியும் டிக்கெட்டும் அடுத்த வாரம் வரை காத்திருக்கும். அக்டோபரில் டெல்லியிலிருந்து எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் உங்களைப் பற்றி அரை வரிக்கு மேல் இருக்கட்டும்.